கிடாவின் விந்துநீரில் உள்ள புரோஸ்டாகிளாண்டினும் செம்மறிகளின் சினைப்பிடிப்பும்

வி.கோட்டா கிடைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். சித்தூர்ப் பக்கத்து வி.கோட்டாவுக்கும் பேரணாம்பட்டுக்கும் இடைப்பட்ட மலையோரக் கிராமம் ஒன்றில் நெல்லூர் ஜோடிப்பிச் செம்மறிகளை வளர்த்து வருகிறேன். ஆனி மாதத்தில் முதல் மழைக்குப் புல் தழைத்ததும் மந்தையில் கிடா விடுவதும், கார்த்திகை, மார்கழியில் குட்டிகள் விழுவதும் எங்கள் வீட்டில் என் தாத்தா காலம் தொட்டு இருந்துவரும் வழக்கம். இந்த முறை மூன்றில் ஒரு பங்குப் பெட்டைகள் சினையின்றி நிற்கின்றன. கிடா ஏறியதை நானே கண்ணால் பார்த்த பெட்டைகள்கூட இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் கிடாவைத் தேடிப் போயின.

இது தெரிந்து ஒரு மருந்து விற்பனையாளர் பட்டிக்கு வந்தார். கிடாவின் விந்தில் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் இயற்கையாகவே உண்டு என்றும், என் கிடாக்களிடம் அது குறைந்துவிட்டது என்றும், அதே பொருள் அடங்கிய ஊசியைக் கிடா விட்டிருக்கும் நாட்களில் எல்லாப் பெட்டைகளுக்கும் போட்டுவிட்டால் ஒரே ஈற்றில் மந்தை நிறைந்துவிடும் என்றும் சொன்னார். ஊசியின் விலை சிறியதல்ல. கிடா விந்தில் அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறதா, அது என்ன வேலை செய்கிறது, ஊசியில் வருவது அதேதானா என்பதை அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குடியாத்தம் மருத்துவர் (ஓய்வு):

ஐயா, உங்களிடம் சொல்லப்பட்டதில் முதல் பாதி உண்மை. பிற்பாதி உங்கள் மந்தைக்குக் கேடு செய்யக்கூடியது. இரண்டும் கலந்து வந்திருப்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

அந்தப் பொருளின் பெயர் புரோஸ்டாகிளாண்டின். 1930-இல் அமெரிக்காவில் குர்சுராக், லீப் என்ற இருவர் கருப்பைத் தசைத் துண்டுகளின் மேல் மனித விந்தை இட்டபோது, சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. அதன் பிறகு இங்கிலாந்தில் கோல்ட்பிளாட்டும், ஸ்வீடனில் உல்ஃப் வான் ஆய்லரும் ஒருவரையொருவர் சாராமல் இதே பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அது புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எண்ணிய வான் ஆய்லர் 1935-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். உண்மையில் அதன் பெரும்பகுதி விந்துப்பை சார்ந்த சுரப்பிகளில்தான் உருவாகிறது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வரலாற்றில் செம்மறிக் கிடாவுக்குப் பெரிய இடம் உண்டு. ஸ்வீடன் விஞ்ஞானி சுனே பெர்க்ஸ்ட்ரோம் இந்தப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தது கிடாவின் சுரப்பிகளிலிருந்துதான். அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து உடல் இதை உருவாக்குகிறது என்று 1964-இல் நிறுவப்பட்டதும் அதே சுரப்பியை வைத்துத்தான். இந்தப் பொருளை ஆராய்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், ஜான் வேன் ஆகிய மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிடாவின் சுரப்பி இதற்குப் பயன்பட்டதற்குக் காரணம், விந்துநீரில் இந்தப் பொருளை மிகுதியாகக் கொண்ட விலங்குகளில் செம்மறியும் ஒன்று என்பதே. காளையின் விந்திலும் பன்றி, குதிரை ஆகியவற்றின் விந்திலும் இது மிகக் குறைவு. ஆனால் அந்த விலங்குகளும் நன்றாகவே இனம் பெருக்குகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சினைப்பிடிப்பே இந்தப் பொருளின் அளவைப் பொறுத்தது என்று யாராவது சொன்னால், காளை அதற்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது.

பலமநேர் பட்டி:

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. அதே விற்பனையாளர் எங்கள் பக்கமும் வந்துபோனார். எனக்கு எழும் கேள்வி இதுதான்: காளைக்குத் தேவைப்படாத பொருளைக் கிடா ஏன் இவ்வளவு சுரக்க வேண்டும்? இயற்கை வீணாக எதையும் செய்வதில்லையே.

ஆராய்ச்சி மாணவி, திருப்பதி:

அண்ணா, கிடா விந்தில் அது ஏன் இவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதற்கு ஒரே விடை என்று எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. செம்மறிப் பெட்டையின் கருப்பை வாயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்ச் சேருகிறது என்பது மட்டும் புரியும். எங்கள் ஆய்வகத்தில் அறுப்புக்கூடத்திலிருந்து வரும் உறுப்புகளை நீளவாக்கில் பிளந்து பார்ப்போம். ஒரு விரல் நீளமுள்ள அந்தக் குழாய்க்குள் கெட்டியான வளையங்கள் நான்கைந்து முதல் ஏழு வரை அடுத்தடுத்து இருக்கும். ஒரு வளையத்தின் துளை நடுவில் இருந்தால், அடுத்ததன் துளை ஓரமாக ஒதுங்கியிருக்கும். மாட்டுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்வது எளிதாக இருக்கும்போது செம்மறிக்கு மட்டும் அது இவ்வளவு பாடாக இருப்பதற்குக் காரணம் இந்த வளையங்கள்தான். மெல்லிய குழலைச் செலுத்தினாலும் இரண்டாவது வளையத்திலேயே முட்டி நின்றுவிடும்.

கிடா ஒரு முறை ஏறும்போது வெளிவருவது ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டர்தான் என்றாலும், அதில் பல நூறு கோடி விந்தணுக்கள் இருக்கும். அவை கருப்பை வாய்க்கு முன்புறம் விழுகின்றன. அங்கிருந்து சளியின் ஊடாக வளையங்களைக் கடந்து, கருமுட்டைக் குழாய்க்குப் போய்ச் சேருபவை மிகச் சொற்பம். அந்தப் பயணத்தில் விந்தணுவின் சொந்த நீச்சலுக்குத் துணையாகக் கருப்பைத் தசையின் அசைவும் வேண்டும். புரோஸ்டாகிளாண்டின்களில் எஃப் வகை கருப்பைத் தசையைச் சுருக்கும். ஈ வகைக்குக் கருப்பை வாயை இளக்கும் தன்மை உண்டு. விந்தோடு சேர்ந்து வரும் இந்தப் பொருள் அந்த வழியை இசைவாக்குகிறது என்ற கருத்து அதனால்தான் எழுந்தது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1970-களிலேயே செம்மறிக் கருவூட்டலுக்கான விந்தில், குறிப்பாக உறையவைத்துச் சேமித்த உறைவிந்தில், புரோஸ்டாகிளாண்டினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் வந்தன. சிலவற்றில் பலன் தெரிந்தது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கவில்லை, அன்றாட நடைமுறையாகவும் ஆகவில்லை. உறைவிந்தைப் பயன்படுத்துகிறவர்கள் கடைசியில் கருப்பை வாயையே தவிர்த்துவிட்டு, வயிற்றில் சிறு துளையிட்டுக் குழல் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் நேராகக் கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் முறைக்குப் போனார்கள். 1980-களில் ஆஸ்திரேலியாவில் அந்த முறை வேரூன்றியது.

வி.கோட்டா கிடைக்காரர்:

தங்கையின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. அப்படியானால், விந்தோடு வந்து நன்மை செய்யும் அதே பொருளை ஊசியாகப் போட்டால் கேடு என்று மருத்துவர் ஐயா ஏன் எழுதினார்?

குடியாத்தம் மருத்துவர் (ஓய்வு):

நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த விஷயத்தின் மையம். பொருள் ஒன்றுதான், ஆனால் அது எந்த இடத்தில், எந்த நாளில் வந்து சேருகிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை முற்றிலும் மாறிவிடுகிறது.

செம்மறியின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 17 நாட்கள். பருவத்தில் இருக்கும் நேரம் ஒரு நாள், அல்லது ஒன்றரை நாள். முட்டை வெளிப்பட்டவுடன், அது இருந்த இடத்தில் சினைப்பையின் மேல் ஒரு சிறு திசுக்கட்டி வளருகிறது. கார்ப்பஸ் லூட்டியம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கட்டிதான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து சினையைத் தாங்குகிறது. பெட்டை சினைப்படவில்லை என்றால், சுழற்சியின் பதினான்காம் நாள் வாக்கில் கருப்பையே எஃப்2 ஆல்ஃபா என்ற புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அந்தக் கட்டியைக் கரைத்துவிடுகிறது. பிறகு அடுத்த பருவம் வருகிறது. கரைக்கும் பொருள் இதுவே என்பதை 1972-இல் மெக்ராக்கன் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் செம்மறியில்தான் காட்டினார்கள். பொதுவாக இந்தப் பொருள் இரத்தத்தில் கலந்து நுரையீரலை ஒரு தடவை கடந்தாலே பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆனால் கருப்பையிலிருந்து வரும் சிரையும் சினைப்பைக்குப் போகும் தமனியும் செம்மறியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவதால், நுரையீரலைச் சுற்றிவராமலேயே அது பக்கத்து நாளத்துக்குள் கசிந்து சினைப்பையை அடைந்துவிடுகிறது. படைப்பின் நுட்பம் என்று இதைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிடா ஏறும் நாளில் பெட்டையின் சினைப்பையில் கரைப்பதற்கு உயிருள்ள கட்டி எதுவும் இல்லை. அது கரைந்ததால்தான் பருவமே வந்தது. ஆகவே விந்தோடு வரும் புரோஸ்டாகிளாண்டினால் அந்த வகையில் தீங்கு இல்லை. ஊசியோ நாள் பார்த்து வருவதில்லை. கிடா மந்தையில் திரியும் நாட்களில் எல்லாப் பெட்டைகளுக்கும் ஒரே நாளில் ஊசி போட்டால், சென்ற வாரமோ அதற்கு முந்தைய வாரமோ சினைப்பட்ட பெட்டைகளின் கட்டியை அது கரைத்து, உருவான கருவையே வெளியேற்றிவிடக்கூடும். கருவும் சும்மா இருப்பதில்லை. 12, 13-ஆம் நாட்களில் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, கருப்பை அந்தக் கரைப்பானை வெளியிடாதபடி தடுக்கிறது. வெளியிலிருந்து ஊசியில் வருவதைத் தடுப்பதற்குக் கருவிடம் அப்படி உறுதியான காவல் இல்லை. செம்மறியில் ஏறத்தாழ 50 நாட்களுக்குப் பிறகு நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரோன் சுரக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பு ஆபத்து மிகுதி.

பள்ளிப்பட்டு தோட்டத்தார்:

மருத்துவரின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஊசியை முழுமையாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். நான் சென்னை சிவப்பு இனம் வைத்திருக்கிறேன். ஒரே வாரத்தில் குட்டிகள் விழுந்தால் பராமரிப்பும் தடுப்பூசியும் விற்பனையும் ஒழுங்காக நடக்கும் என்பதற்காக, எங்கள் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் கிடா விடுவதற்கு முன்பே 10 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டோம். இரண்டாவது ஊசிக்குப் பின் இரண்டு, மூன்று நாட்களில் பெரும்பாலான பெட்டைகள் பருவத்துக்கு வந்தன. அதனால் மருந்தே கெட்டது என்ற எண்ணம் படிக்கிறவர்களுக்கு வந்துவிடக் கூடாது.

குடியாத்தம் மருத்துவர் (ஓய்வு):

தோட்டத்தார் சொல்வதை ஏற்கிறேன். அவர் செய்தது அந்த மருந்துக்கு உரிய வேலை. சுழற்சியின் நான்கைந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இருக்கும் பெட்டையிடம் மட்டுமே அது பலிக்கும் என்பதால்தான், முதல் ஊசியில் தப்பியவை இரண்டாவதில் அகப்படும்படி ஒன்பது முதல் பதினொரு நாள் இடைவெளி விடுகிறோம். அவர் கிடா விடுவதற்கு முன்பே இதைச் செய்தார், சினை ஆடு எதுவும் இல்லை என்று உறுதியும் செய்துகொண்டார். ஆனால் அது பெட்டைகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் மருந்தே ஒழிய, சினை பிடிக்காத மந்தையைச் சினை பிடிக்க வைக்கும் மருந்தன்று. புரோஜெஸ்டிரோன் போன்ற மருந்தில் தோய்த்த பஞ்சைப் பெட்டையின் பிறப்புறுப்பில் வைத்துப் பருவம் கூட்டும் முறையிலும் அந்த முதல் பருவத்தில் விந்தணுவின் பயணம் சற்றுத் தளர்ந்திருக்கும் என்பது 1960-களிலிருந்தே தெரிந்த செய்தி. அதனால்தான் அப்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கிடாக்களை விடச் சொல்கிறோம்.

வி.கோட்டா ஐயாவிடம் நான் கேட்க விரும்புவது வேறு. கடந்த சித்திரை, வைகாசியில் உங்கள் கிடாக்கள் பகலில் எங்கே நின்றன?

வி.கோட்டா கிடைக்காரர்:

ஐயா, சித்திரை முழுவதும் ஏரிக்கரையில், நிழல் குறைந்த இடத்தில்தான் பட்டி இருந்தது. வழக்கமாக நிற்கும் புளியந்தோப்பை இம்முறை குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். மூத்த கிடாவுக்கு வைகாசியில் குளம்பு புண்ணாகி, சில நாட்கள் காய்ச்சலோடு படுத்திருந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தோம். அந்த மாத்திரையால்தான் விந்தில் அந்தப் பொருள் குறைந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆராய்ச்சி மாணவி, திருப்பதி:

உங்கள் ஐயத்தில் பொருள் இருக்கிறது. ஆஸ்பிரின் போன்ற வலி நிவாரணிகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத்தான் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் கண்டார். மனிதர்களிடம் ஆஸ்பிரின் விந்துநீரிலும் அதன் அளவைக் குறைத்தது என்று அதே ஆண்டில் வெளிவந்தது. ஆனால் சில நாள் மாத்திரை, வாரக்கணக்கில் நீடிக்கும் மலட்டுத்தன்மைக்குக் காரணமாகாது. வலியோடும் காய்ச்சலோடும் கிடக்கும் கிடாவுக்கு மருந்து கொடுக்காமல் விடுவதே பெரிய தீங்கு. டைக்லோஃபெனாக் என்ற வலி மருந்து வேண்டாம். அந்த மருந்து தங்கிய கால்நடைப் பிணங்களைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அது தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதில் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

குடியாத்தம் மருத்துவர் (ஓய்வு):

எனக்குக் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. கிடாவின் விதைகள் உடல் வெப்பத்தைவிட நான்கு முதல் ஆறு டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். வெயிலில் நின்றாலும் காய்ச்சல் கண்டாலும் அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கிறது. ஆகவே சித்திரை, வைகாசி வெப்பத்தில் கெட்டது ஆனி, ஆடியில் வெளிப்படும். கிடா அப்போது பார்ப்பதற்குத் திடமாக இருக்கும், ஆர்வமாக ஏறும், விந்துநீரின் அளவும் குறையாது, அதில் புரோஸ்டாகிளாண்டினும் இருக்கும். ஆனால் உயிருள்ள விந்தணுக்கள்தான் போதிய அளவில் இருக்காது. பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அதுவேதான்.

நம் பக்கத்துக் கால்நடைப் பன்முக மருத்துவமனைகளில் நுண்ணோக்கி இருக்கும். கிடாவின் விந்தை ஒரு சொட்டு எடுத்து இளஞ்சூட்டுக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், நல்ல விந்து கொதிக்கும் உலைநீர்போல் சுழன்று அலையடிக்கும். கெட்டுப்போனதில் அங்கங்கே ஒன்றிரண்டு மட்டுமே அசையும். விதைப்பையின் சுற்றளவை நாடாவால் அளந்து, இரு விதைகளையும் விரலால் அழுத்திப் பார்த்து, கட்டியோ தளர்ச்சியோ இருக்கிறதா என்றும் சொல்வார்கள். விற்பனையாளர் உங்கள் கிடாக்களிடம் புரோஸ்டாகிளாண்டின் குறைவு என்று சொன்னாரே, அவர் அதை எதை வைத்து அளந்தார்? நம் பக்கம் எந்தக் கிடாச் சோதனையிலும் அது அளக்கப்படுவதில்லை.

பலமநேர் பட்டி:

தீவனத்தையும் பார்க்க வேண்டாமா? எங்கள் ஊரில் கிடா விடும் காலத்தில் பெட்டைகளுக்குக் குதிரைமசாலை வயிறு நிறையக் கொடுக்கிறார்கள்.

ஆராய்ச்சி மாணவி, திருப்பதி:

நல்ல நினைவூட்டல், அண்ணா. குதிரைமசாலில் கூமெஸ்ட்ரால் என்ற பொருள் உண்டு. இலைப்புள்ளி நோய் கண்ட பயிரில் அது பல மடங்கு கூடிவிடும். அது பெண்மை ஹார்மோனைப் போல நடித்து முட்டை வெளிப்படுவதைக் குறைக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த மந்தைகள் கூட்டங்கூட்டமாக மலடாகிப்போன செய்தி 1946-இல் வெளியானது. அங்கும் காரணம் இத்தகைய தாவரப் பொருள்தான். அங்கே கருப்பை வாயின் சளியே மாறிப்போய், விந்தணு அதைக் கடக்க முடியாமல் நின்றது. கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, சினை உறுதியாகும்வரை குதிரைமசாலைக் குறைத்துக்கொண்டு, சோளத்தட்டும் கொஞ்சம் கம்பும் கொடுத்தால் போதும்.

வி.கோட்டா கிடைக்காரர்:

அனைவருக்கும் நன்றி. ஊசி வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கிடாக்களைச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன், அடுத்த கோடைக்குப் புளியந்தோப்பை நானே குத்தகைக்கு எடுக்கப் பார்க்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி. விற்பனையாளர் ஏற்கனவே மாதிரிக்கு என்று சில குப்பிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளாடுகளுக்காவது அதைப் பயன்படுத்தலாமா? பெட்டை எந்த நாளில் பருவத்துக்கு வந்தது என்பதை மந்தையில் எப்படித் தெரிந்துகொள்வது?

குடியாத்தம் மருத்துவர் (ஓய்வு):

வெள்ளாட்டுக்கு வேண்டவே வேண்டாம். வெள்ளாட்டில் சினைக்காலம் முழுவதும் அந்தக் கட்டியை நம்பியே கரு வளர்கிறது. எந்த மாதத்தில் ஊசி போட்டாலும் குட்டி விழுந்துவிடும். மற்றொன்றையும் தயவுசெய்து கவனியுங்கள்: அந்த மருந்து மனிதத் தோலின் வழியாகவும் உள்ளே போகும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே கூடாது. வீட்டில் வைக்காமல் உங்கள் மருத்துவமனையில் ஒப்படைத்துவிடுங்கள்.

பள்ளிப்பட்டு தோட்டத்தார்:

இரண்டாவது ஐயத்துக்கு நான் சொல்கிறேன். காவிப் பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் முன்னங்கால்களுக்கு நடுவே பூசுங்கள். கிடா ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டிக்கொள்ளும். ஜோடிப்பி வெள்ளை ஆடு என்பதால் தூரத்திலிருந்தே தெரியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்து, தினமும் மாலையில் பட்டி அடைக்கும்போது நிறம் பட்ட பெட்டைகளின் காது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 16 நாள் கழித்து நிறத்தை மாற்றுங்கள். பழைய நிறத்தின் மேல் புது நிறம் விழுந்த பெட்டைகள் சினை பிடிக்காதவை. அவை ஒரே கிடாவின் கணக்கில் குவிந்திருந்தால் குறை கிடாவிடம், எல்லாக் கிடாக்களிடமும் சிதறியிருந்தால் வெயிலிலோ தீவனத்திலோ தேட வேண்டும். இதற்காகக் கிடாவுக்குக் கிடா வேறு நிறம் வைத்தால் இன்னும் நல்லது.

ஆராய்ச்சி மாணவி, திருப்பதி:

தோட்டத்தார் சொன்ன முறையில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறங்களை வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போகும் வரிசையில் வையுங்கள். முதல் சுற்றுக்கு மஞ்சள், அடுத்ததற்குக் காவி, கடைசிக்கு நீலம் என்று வைத்தால்தான் பின்னால் விழும் நிறம் முன்னதன் மேல் தெளிவாகத் தெரியும்.